பறக்கத் தெரியாதவன் எழுதுவது

சரவணா,

நீ கொடுத்துவிட்டுப் போன உன் காமிக்ஸ் புத்தகத்தை மாவு மில்லில் உட்கார்ந்துதான் படித்து முடித்தேன். அன்றைக்கு மிளகாய் அரைக்க வந்த கூட்டம் அதிகம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, குடுமியான்மலையிலிருந்து வந்திருந்த ஒருவர், "என்னண்ணே, கத ரொம்ப சோகமா?" என்று கேட்டார். "இல்லப்பா, மொளகா" என்றேன். அது பாதிதான் உண்மை. அவர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். உன் கதாநாயகன் ககனன், தீப்பிடித்த கட்டடத்துக்கு மேலே ஆகாயத்தில் நின்றுகொண்டு, டிவி வண்டி வந்து சேரும்வரை தலை சீவிக்கொண்டிருக்கும் பக்கம் அது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இவரு எந்தக் கட்சிண்ணே?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உனக்கு வந்த விமர்சனங்களோடு இதையும் சேர்த்துக்கொள்.

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. போனிலேயே "சாப்பிட்டியா, சரி வச்சிர்றேன்" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ இலுப்பூருக்கு வந்து சொன்ன செய்திக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கனடாவில் கார்ட்டூன் படம் எடுக்கும் கம்பெனியில் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம், மீனாவும் யாழினியும் சென்னையிலேயே இருக்கட்டும் என்றாய். "அஞ்சு வயசுப் பிள்ளைய விட்டுட்டாடா?" என்று உன் அம்மா கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, "ஏம்மா, அப்பா போகலையா? எனக்கு ஒரு வயசா இருக்கறப்ப போனாங்க. அவ்வளவு பெரிய மால்ல சூப்பர்வைசரா இருந்து நம்மளையும் நல்லாத்தானே பாத்துக்கிட்டாங்க" என்றாய். வாயைத் திறந்திருக்க வேண்டியவன் நான். இலையில் இருந்த ரசத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உலகத்தில் எந்த வீரனையும் நம்பாமல் இருநூறு பக்கம் வரைந்திருக்கிற நீ, நம்பி வைத்திருக்கிற ஒரே ஆள் நான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைக் காட்டி நீ ஒரு முடிவு எடுக்கிறாய் என்றால், நான் யார் என்று உனக்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நன்றாகச் சிரித்தேன். வெள்ளத்தில் போகும் பஸ்ஸைத் தூக்கிப் பிடித்தபடி, "எனக்கு அஞ்சு ஸ்டார் குடுத்தவங்க மட்டும் எறங்கலாம்" என்று ககனன் சொல்வதும், காலையில் எழுந்ததும் சைக்கிள் பம்பு வைத்துத் தன் புஜத்துக்குக் காற்றடித்துக்கொள்வதும் பிரமாதம். ஆனால் சில இடங்களில் விவரம் தெரியாமல் வரைந்திருக்கிறாய். பன்னிரண்டாம் பக்கத்தில் ககனன் தானே உடுப்பை மாட்டி ஜிப்பை இழுத்துவிட்டுக்கொள்கிறான். நடக்கவே நடக்காது. ஜிப் முதுகில் இருக்கும், இன்னொரு ஆள்தான் இழுத்துவிட வேண்டும். முப்பதாம் பக்கத்தில் மூக்கைச் சொறிகிறான். அந்தத் தலைக்குள்ளே கையை எப்படி விடுவான்? எனக்குத் தெரிந்து வீரனின் பெரிய கஷ்டமே மூக்கு அரிப்புதான். பிறகு, ககனனும் வில்லனும் ஒளிந்து உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிடுவதை நாட்டுக்கே துரோகம் செய்வதுபோல் நாலு பக்கம் இழுத்திருக்கிறாய். உனக்கு அது அயோக்கியத்தனமாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது மதியச் சாப்பாடாகத்தான் தெரிந்தது.

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். துபாயில் நான் சூப்பர்வைசராக இருக்கவில்லை சரவணா. ஒரு நாள்கூட இருக்கவில்லை. அந்த மாலில் வீரன் வேஷம் போட்டுக்கொண்டு நின்றேன். எட்டு வருஷம் நின்றேன்.

ஹெல்ப்பர் வேலை என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். முதல் மாதம் அட்டைப்பெட்டி தூக்கினேன். ஒருநாள் மேனேஜர் எங்கள் பதினோரு பேரையும் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தார். ஏதோ போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அதுதான் வினையாகிப் போனது. மாலுக்குச் சொந்தமாக ஒரு வீரன் உண்டு. நீல உடுப்பு, மஞ்சள் அங்கி, வயிற்றில் ஆறு மேடு வைத்துத் தைத்த ஸ்பாஞ்சு. நெஞ்சில் பருந்து என்றார்கள், எனக்கு அடைகாக்கும் கோழியாகத்தான் தெரிந்தது. முன்னால் அதைப் போட்டிருந்தவர் ஊருக்குப் போய்விட்டார், உடுப்பு மட்டும் அவருடைய வேர்வையோடு இருந்தது. எனக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. தலை தனி. அதற்குள் ஒரு சின்ன ஃபேன் இருக்கும், குளிர்காலத்தில் மட்டும் தவறாமல் சுற்றும். இருபது நிமிஷம் நின்று பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும், இருபது நிமிஷம் உள்ளே வந்து தண்ணீர் குடிக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் வில்லனோடு சண்டை. வில்லன் ரஃபீக், பங்களாதேஷ்காரன், தங்கமான பையன். எனக்கு அவன் ஜிப் போட்டுவிடுவான், அவனுக்கு நான். தினம் நான்தான் ஜெயிக்க வேண்டும் என்பது சட்டம். ஒருநாள் அவன் மகள் வகுப்பில் முதலாவதாக வந்த செய்தி வந்தது. அன்றைக்கு என்ன குத்தினாலும் விழாமல் குதித்துக்கொண்டே இருந்தான். பிள்ளைகள் கட்சி மாறி அவனுக்குக் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் தலைக்குள்ளிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "விழுந்து தொலைடா" என்று தமிழில் சொன்ன பிறகுதான் விழுந்தான்.

பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுச் சொன்னதில்லை. அப்போதெல்லாம் ஊருக்குப் பேச வெள்ளிக்கிழமை டெலிபோன் பூத்தில் வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு முன்னால் நின்றவர் தன் மனைவியிடம், "சூப்பர்வைசரா போட்டுட்டாங்க" என்றார். அவர் கழிவறை கழுவுகிறவர் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு முன்னால் நின்றவரும் அதையேதான் சொல்லியிருந்தார். என் முறை வந்ததும் உன் அம்மா, "என்ன வேலைங்க குடுத்திருக்காக?" என்று கேட்டாள். பொம்மை வேஷம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நானும் அந்த வரிசையில் ஒரு சூப்பர்வைசர் ஆகிவிட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர்களும் ஆகியிருப்பார்கள். அத்தனை பேரும் மேற்பார்வை பார்த்தால் வேலையை யார்தான் செய்தார்கள் என்று தெரியவில்லை.

ஊரில் அந்தப் பொய்க்கு மரியாதை அதிகம். முதல் தடவை லீவில் வந்தபோது உன் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். நீ அப்போது பாலர் வகுப்பு. உன் அம்மா கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டாள். சித்திரை வெயிலில் கோட்டு. எனக்குத்தான் அது பழக்கமாயிற்றே, ஒரு சொட்டு வேர்க்காமல் மேடையில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் இருந்தவர்கள் அதிசயமாகப் பார்த்தார்கள். பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. எதிரே முந்நூறு பிள்ளைகள். பிள்ளைகள் கூட்டத்தைப் பார்த்ததும் கை இரண்டும் தானாக இடுப்புக்குப் போய்விட்டன. நெஞ்சை நிமிர்த்தி, மோவாயைத் தூக்கி, ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். பிள்ளைகள் விசிலடித்துக் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் எழுந்து, "பெரிய நிர்வாகத்துல இருக்கறவங்க அதிகம் பேச மாட்டாங்க, நிக்கிறதுலயே தெரியும்" என்று முடித்துவைத்தார். பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். மாட்டாமலே போவதுதான் பெரிய தொல்லை என்பது என் அனுபவம்.

நாச்சியப்பன் அண்ணனை உனக்கு நினைவிருக்கும். திருமயம் பக்கத்துக்காரர், ஜவுளி வியாபாரம், நமக்குக் குடும்பத்தோடு பழக்கம். அவர் குடும்பத்தோடு துபாய் சுற்றிப் பார்க்க வந்தார். உன் அம்மா எனக்கு முறுக்கு கொடுத்துவிட்டிருக்கிறாள். மாலில் வந்து சூப்பர்வைசர் எங்கே என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார், யாருக்கும் தெரியவில்லை. சுற்றி அலுத்துப்போய் என் முன்னாலேயே வந்து நின்றார். கையில் முறுக்குப் பொட்டலம். "இந்தாளு இங்கிட்டுத்தான் எங்கயாச்சும் இருக்கணும், அங்கிட்டுக் கேட்டா இங்கிட்டுங்கிறாங்க" என்று என் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்று மனைவியிடம் சொல்கிறார். உடுப்புக்குள் இருக்கும்போது பேசக்கூடாது. எனக்கோ ஊர்ப் பேச்சைக் கேட்டதும் உள்ளே எல்லாம் இளகிவிட்டது. வந்ததுதான் வந்தோம் என்று அவர் என்னோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். நான் அவர் தோளைப் பிடித்தவன் விடவில்லை. "என்ன ஆச்சி, இவன் விடமாட்டேங்கிறான்" என்று மனைவியிடம் சொல்லி நெளிந்தார். என்னைக் கண்டுபிடிக்க முடியாததால் முறுக்கை அவர்களே தின்றுவிட்டார்களாம். போட்டோவை ஊருக்கு வந்ததும் உனக்குக் கொடுத்தார்.

நீ மேசைக்கு மேலே ஒட்டிவைத்தாயே, அந்தப் போட்டோதான். அதைப் பார்த்து வரைந்து வரைந்துதான் உனக்குக் கை வந்தது. நோட்டு நோட்டாக வரைந்தாய். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்ததற்கு வாத்தியாரிடம் அடி வாங்கினாய். அத்தனை நாளும் நீ வரைந்துகொண்டிருந்தது என்னைத்தான். இப்போது உன் புத்தகத்தை எடுத்துப் பார். ககனன் எந்தப் பக்கத்தில் நின்றாலும் வலது கால் விரலை உள்பக்கமாக மடக்கி ஊன்றி நிற்கிறான். யாரோ ஒரு விமர்சகர் அந்தக் கோணல் கால் அதிகாரத்தின் உள்முரணைக் காட்டுகிறது என்று எழுதியிருக்கிறார் என்றாயே. அது காட்டுவது பிய்ந்துபோன பூட்ஸை. அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது, போட்டோவில் தெரியக்கூடாது என்று மடக்கிக்கொண்டு நின்றேன். மில்லில் அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மிளகாயும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

இனி உன் புத்தகத்தோடு எனக்கு இருக்கும் ஒரே சண்டை. பார்ப்பதற்கு ஆள் இல்லாவிட்டால் எவனும் நல்லது செய்யமாட்டான் என்பதுதானே நீ சொல்வது? பெரும்பாலும் சரிதான். நான் பார்த்த அளவில் நூற்றுக்குத் தொண்ணூறு சரி. கடைசி வருஷம் ஒருநாள் ஒரு பையன் தன் அம்மாவைத் தொலைத்துவிட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆறு வயது இருக்கும். தமிழில் அழுகிறான். பேசக்கூடாது என்கிற சட்டம் அப்போதே மறந்துவிட்டது. "அழுகாத அப்பு, அம்மா எங்கிட்டுப் போயிரப் போறாங்க" என்றேன். வீரன் வாயிலிருந்து புதுக்கோட்டைப் பேச்சு வந்ததில் அவன் அழுகை அப்படியே நின்றுவிட்டது. என்னை அண்ணாந்து பார்த்து, "நீங்க பறப்பீங்கள்ல, மேல போயி எங்கம்மா எங்க இருக்காங்கன்னு பாத்துச் சொல்லுங்க" என்றான்.

உன் ககனனாக இருந்தால் அதற்குக் கட்டணம் கேட்டிருப்பான். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. "எனக்குப் பறக்கல்லாம் தெரியாது அப்பு, உள்ள சும்மா ஆளுதான் இருக்கேன்" என்று சொல்லி, நிரூபிப்பதற்காகத் தலையைக் கழற்றிக் காட்டினேன். அவ்வளவுதான். வேர்த்து வழிந்த என் மூஞ்சியைப் பார்த்து அவன் வீறிட்ட சத்தத்தில் மாலே திரும்பிப் பார்த்தது. அவசரமாகத் தலையை மாட்டிக்கொண்டேன், அடங்கிவிட்டான். என் முகத்துக்குக் கிடைத்த மரியாதை அது. பிறகு அவனைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தேன். அவன் மேலே இருந்து, "அங்க, இல்ல, இங்க" என்று வழி சொல்லிக்கொண்டே வந்து, துணிக்கடை வாசலில் அவன் அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டான். உன் கொள்கைக்கு உதவுமென்றால் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் செய்ததில் சுயநலம் இருந்தது. உன்னைத் தோளில் வைத்து இருபது மாதம் ஆகியிருந்தது. அந்தப் பையனை இறக்கிவிட எனக்கு மனமே இல்லை, அவன் அம்மா இரண்டு தடவை கையை நீட்ட வேண்டியிருந்தது.

கூட்டத்தின் நடுவில் தலையைக் கழற்றியது பெரிய குற்றம். பிள்ளைகளுக்கு வீரன்மேல் நம்பிக்கை போய்விடும் என்று மேனேஜர் சொன்னார். ஒரே வாரத்தில் டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார்கள். ரஃபீக் விமான நிலையத்துக்கு வந்து அழுதான். காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று ஊரில் பெரியவர்களிடம் சொன்னேன். பிறகு மாவு மில் வைத்தது உனக்குத் தெரியும்.

இதையெல்லாம் உனக்கு எழுதுவதற்கு முன் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் முதலில் சொல்லாமல் உனக்குச் சொல்வது நியாயமில்லை. கேட்டு முடித்ததும், "அப்ப அந்தக் கோட்டு?" என்று மட்டும் கேட்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் சத்தமாக வந்து விழுந்தது. நாலாம் நாள் தோசை ஊற்றிக்கொண்டே, "அந்த அஞ்சு மணிச் சண்டையில ஜெயிச்சது யாரு?" என்றாள். நான்தான் என்றேன். "தெனமுமா?" "தெனமும்தான்." "அதான் வீட்டுக்கு வந்தும் அடங்கல" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பாமலே அடுத்த தோசையை ஊற்றினாள். ஒரு பொய்யை நம்பிக் கோட்டுக்குத் துணி எடுத்தவள் அவள். அந்த வருத்தத்தை எப்படிப் போக்குவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உன்னைப் போகாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. போ. முடிந்தால் அவர்களையும் அழைத்துக்கொண்டு போ, முடியாவிட்டால் தனியாகப் போ, அதை நீயும் மீனாவும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். என்னைக் காட்டி முடிவு செய்யாதே. நான் நல்லபடியாகச் சமாளித்தேன் என்று நீ நினைப்பது உண்மையில்லை. உன் முதல் பல் விழுந்தது எனக்குக் கடிதத்தில் வந்தது. அங்கே போய் நாள் முழுக்க யாருடைய நிழலுக்கோ வண்ணம் அடிக்கிற வேலை கொடுத்தாலும் மீனாவிடம் அதை அப்படியே சொல். நான் எட்டு வருஷம் வீட்டுக்குப் பேசியதெல்லாம் வேறொரு ஆளின் வாழ்க்கையை. என் கதை ஒன்றுகூட வீட்டுக்கு வரவில்லை. ரஃபீக் என்று ஒருவன் இருந்ததே உங்களுக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். நான் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது உனக்கு ஒன்பது வயது. தினம் காலையில் பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "இன்னும் எத்தன நாள் லீவுப்பா?" என்று கேட்பாய். வேலை போய்விட்டது என்று சொல்ல வெட்கம். பத்து நாள் என்பேன். மறுநாளும் கேட்பாய், மறுநாளும் பத்து நாள் என்பேன். ஒரு மாதம் இப்படிப் போயிருக்கும். திடீரென்று ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாய். பழகிவிட்டது என்று நான் நினைத்தேன். உன் அம்மாதான் சொன்னாள், "கேட்டா கொறைய ஆரம்பிச்சிருமோன்னு பயப்படுறான்." அப்போதும் நான் சொல்லவில்லை. நீ எத்தனை வருஷம் அந்தப் பத்து நாளைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போனாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. இப்போது சொல்கிறேன் அய்யா. அது லீவு இல்லை. என்னை அனுப்பிவிட்டார்கள். நான் எங்கேயும் போவதாக இல்லை.

யாழினி இந்த வருஷம் நூறுவரை எண்ணக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று மீனா சொன்னாள். நீ போகும்போது எத்தனை நாள் என்று அவள் கேட்பாள். இரண்டு வருஷத்துக்கு ஏழு தடவை நூறு, அதற்கு மேல் ஒரு முப்பது என்று சொல். அழுவாள், அழட்டும். பத்து நாள் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அப்பா
இலுப்பூர்